ஐஸ்கிறீம் கேக்கும் நிற வட்டமும்

பொத்துவிலில் முன்பு நமக்கு இனிப்பு என்றால் பெருநாள் வட்டிலாப்பம்தான். (அதிலும் இனிப்புக் குறைவில்லை!) இப்போது பரீட்சைப் பெறுபேறு வந்தாலும் ஐஸ்கிறீம் கேக் வெட்டுகிறோம்.

தின்பதில் எவ்வளவு சீனி என்று பொதியில் நிறத்தால் காட்டும் வழக்கம் நம் நாட்டில் சோடாவில்தான் தொடங்கியது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் போத்தலில் சிவப்பு வட்டம் என்ற விதி 2016 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. 2017 நவம்பரில் கிராமுக்கு 50 சதம் வரியும் போட்டார்கள். அடுத்த வருடமே குறைத்தும் விட்டார்கள், அது வேறு கதை.

2019இல் திண்ம உணவுக்கும் வட்டம் வந்தது. சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும். 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. சாதாரண வனிலா ஐஸ்கிறீமில், பாலில் இயல்பாக உள்ளதும் சேர்த்து, சுமார் 21 கிராம். மயிரிழையில் செம்மஞ்சள்! கொழுப்பு 11 கிராம் அளவில். கல்சியமும் 130 மில்லிகிராம் வரை உண்டு, அதை மறுக்கவில்லை.

ஆனால் நாம் தின்பது 100 கிராமோடு நிற்பதில்லை. 150 கிராம் ஐஸ்கிறீமிலேயே 8 தேக்கரண்டி சீனி. கீழே கேக், மேலே சொக்லேட் வேறு.

பெட்டியில் வாங்கினால் வட்டத்தைப் பார்க்கலாம். கடையில் வெட்டித் தரும் துண்டில் அது இல்லை. "கொஞ்சம்தானே" என்று சீனி வருத்தமுள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நாம் நீட்டுவது அந்தத் துண்டைத்தான்.