கத்தி யார் கையில் இருந்தது?

என் கணவர் எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கி வந்த அன்று வேப்பம்பட்டில் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. மாமனார் நுரை, பிரஷ், பிளேடு கட்சி. "தண்ணி படாம பண்றதெல்லாம் சவரமா?" என்றார். எது வழவழப்பு, எதில் நேரம் மிச்சம், எதில் காயம் குறைவு என்று இரவுவரை பேச்சு ஓடியது. என்னை யாரும் கேட்கவில்லை. சவரத்தில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. அதை நான் கண்ணாடி முன் நின்று செய்துகொள்ளவில்லை.

2003-இல் முதல் பிரசவம். வலி எடுத்து மருத்துவமனையில் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் ஓர் ஆயாம்மா ட்ரேயோடு வந்தார். சோப்புத் தண்ணீர், பஞ்சு, இடுக்கியில் கவ்விய அரை பிளேடு. "காலை மடக்கும்மா, ஆடாத" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. வீடு திரும்பிய பிறகு, முடி முளைத்தபோது வந்த அரிப்பும் எரிச்சலும் தையல் வலிக்குச் சமமாகப் படுத்தின.

அம்மாவிடம் சொன்னபோது வியந்துபோனார். நான் பிறந்தது வீட்டில். பிரசவம் பார்த்தவர் ஊரிலிருந்த மருத்துவச்சி. மருத்துவர் சமூகத்துப் பெண். கணவர் சவரக்கத்தி பிடித்தார், அவர் பிள்ளை எடுத்தார். "அந்தம்மா என்னை மழிக்கவே இல்லடி. கொடி அறுக்க மட்டும் புது பிளேடு கேட்டு வாங்குனாங்க" என்றார் அம்மா. கத்தியே தொழிலாக இருந்த வீட்டிலிருந்து வந்தவருக்குத் தேவைப்படாத சவரம், படித்தவர்கள் நடத்தும் மருத்துவமனைக்கு ஏன் தேவைப்பட்டது?

முடியில் கிருமி தங்கும், அது தாய்க்குப் பிரசவக் காய்ச்சலைத் தரும் என்ற அச்சத்தில்தான் மருத்துவமனைகளில் இந்த வழக்கம் வேரூன்றியது. அச்சம் நியாயமானது, அந்தக் காய்ச்சலில் செத்த பெண்கள் ஏராளம். ஆனால் மழித்தால் அது குறைகிறதா என்று 1922-லேயே அமெரிக்காவில் ஜான்ஸ்டன், சிடால் என்ற இருவர் 389 பெண்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மழித்ததால் பயன் தெரியவில்லை. 1965-லும் 2005-லும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 1039 பெண்கள். அப்போதும் தாய்க்கு நன்மை என்று சொல்லச் சான்று கிடைக்கவில்லை. 1996-இல் உலக சுகாதார நிறுவனம், கைவிட வேண்டிய வழக்கங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2018-இல், சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று மீண்டும் சொன்னது. அந்த முதல் சோதனைக்கு 81 ஆண்டுகள் கழித்துத்தான் நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு வந்தால், எங்கள் வீட்டுப் பட்டிமன்றத்துக்கே தீர்ப்பு கிடைக்கிறது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், பிளேடால் மழிக்கப்பட்டவர்களில் 5.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று ஏற்பட்டது. மழிக்காதவர்களிலும் களிம்பு பூசி முடி நீக்கியவர்களிலும் அது 0.6 சதவீதம். பிளேடு தோலைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கீறுகிறது. கீறலில் கிருமி குடியேறுகிறது. மின்சாரக் கிளிப்பரோ தோலை ஒட்ட வெட்டாமல் குட்டையாக முடியை விட்டுவிடுகிறது. அதனால் அறுவைக்கு முன் முடியை எடுக்கவே வேண்டாம், எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிளிப்பர் மட்டும்தான் என்கிறது 2016-இன் உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். சிசேரியனும் அறுவைதான். மாமனார் பெருமைப்பட்ட அந்த வழவழப்பே இங்கே ஆபத்து.

கருவி மாறினால் போதுமா? பெண்ணைக் கேட்காமல் மழித்ததற்கு நம்மிடம் பழைய வரலாறு உண்டு. கணவன் இறந்ததும் பிராமணப் பெண்களின் தலையை மழித்தார்கள், சிறுமிகளும் தப்பவில்லை. 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி 11 வயதில் மணமாகி விரைவிலேயே கணவனை இழந்தார். பெற்றோர் அவர் தலையை மழிக்க மறுத்துப் படிக்க வைத்தார்கள். 1911-இல் பட்டம் பெற்ற அவர், தன்னைப் போன்ற பெண்களுக்கு இல்லம் தொடங்கினார். பின்னாளில் அது மெரினாவின் ஐஸ் ஹவுஸில் இயங்கியது. 1890-இல் பம்பாயில் நாவிதர்களே கூடி, விதவைகளின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்றார்கள். அவர்களைத் திரட்டியவர் தொழிற்சங்க முன்னோடி நாராயண் மேகாஜி லோகண்டே.

நாவிதர்கள் நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்த ஆயாம்மாவும் நினைவுக்கு வருகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குறைந்த கூலிக்கு, சொன்னதைச் செய்தவர். மறுத்துப் பேச அவருக்கும் இடமில்லை. எங்கள் இருவர் தலைக்கும் மேலே யாரோ எழுதிவைத்த உத்தரவு அது.

சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்கு சிசேரியன் என்றார்கள். நான் கூட இருந்தேன். நர்ஸ் கையில் கிளிப்பரோடு வந்து, "கொஞ்சம் முடி எடுக்கணும்மா" என்றார். "வெட்டுற இடத்துல மட்டும்தானே? அவசியமா சிஸ்டர்?" என்று கேட்டாள் அவள். நர்ஸ் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, "மேல கொஞ்சம் போதும்" என்றார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 2003-இல் எனக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்கவில்லை. உங்கள் வீட்டில் யாரையாவது பிரசவத்துக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், துணிப்பையில் வெந்நீர் பிளாஸ்கோடு இந்தக் கேள்வியையும் எடுத்துப் போங்கள்.