வேடந்தாங்கல் கவுல்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதக் கடைசியில், மதுராந்தகம் ஏரி நிரம்பி வழிகிறது என்று கேள்வியுற்று அதைக் காணச் சென்றிருந்தேன். ஏரி கடல்போலக் கிடந்தது, கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அன்று என் மனத்தில் நின்றது ஏரியன்று. திரும்பும் வழியில் கண்ட ஒரு வயற்பரப்பு. நவரைப் பட்டத்துக்காக உழுது போட்டிருந்த நிலம் முழுவதும் மழை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. வரப்புகளின் முதுகு மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது. இத்தகைய வயலில் என்ன பறவை இருக்கும்? இரண்டு மடையான், நான்கு உண்ணிக்கொக்கு, வரப்பில் ஒரு மீன்கொத்தி. நானும் அவ்வளவே எதிர்பார்த்தேன்.

அங்கே நின்றவை வேறு. நாற்பதுக்குக் குறையாத பெரிய நாரைகள் சேற்றுநீரில் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. அலகை மூடியிருக்கும்போதும் அதன் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. நத்தைகுத்தி நாரை என்பது அதன் பெயர். குஞ்சுக்கு இந்த இடைவெளி இராது. வளர்ந்த பின்னரே உண்டாகும். வயலிலே கிடக்கும் நத்தையின் ஓட்டிலிருந்து சதையை வெளியே இழுப்பதில் அதற்கு நிகரில்லை. அவற்றுக்கு அப்பால் கரண்டிவாயன்கள், தட்டையான அலகை நீரில் அமிழ்த்தி, தலையை இடமும் வலமுமாக ஆட்டித் துழாவிக்கொண்டிருந்தன. வெள்ளை அரிவாள்மூக்கன்களும் இருந்தன. ஏரிக்கரையில் நின்று தொலைநோக்கியால் பார்க்க வேண்டிய பறவைகள், சாலையோர வயலில் கூப்பிடு தூரத்தில் மேய்ந்தால் வியப்பு வாராதா?

மடையைத் திறந்து நீரை வடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், “அண்டையிலே நாற்றங்கால் இருக்கிறதே, இவை இறங்கி மிதிக்காவோ? விரட்டுவதில்லையா?” என்று கேட்டேன்.

“மிதித்தால் நாலு நாற்றுச் சாயும், ஐயா, மழை சாய்த்ததை விடவா? இவை வேடந்தாங்கல் பறவைகள். இங்கே மேயும், பொழுது சாய்ந்தால் ஊருக்குப் போய்விடும்” என்றார் அவர். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தம் வேலையைப் பார்க்கலானார்.

‘ஊருக்குப் போய்விடும்’ என்ற அந்தச் சொல்தான் என்னைச் சரித்திரத்தின் பக்கம் திருப்பியது. வேடந்தாங்கல் அவ்வயலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவு. தாங்கல் என்றால் சிற்றேரி. வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளுக்குப் புகலிடமாக அமைந்தது ஒரு வேடிக்கைதான். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில், அடி நீரில் மூழ்க நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து விழும் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. வேறு உரம் அதிகம் வேண்டாமலே நெல் விளைகிறது. சுற்றுவட்டாரத்து வயல்களில் தின்ற நத்தையும் நண்டும் மீனும் இப்படி ஒரே ஊரின் கழனியில் உரமாக வந்து சேர்கின்றன. அயலூர்க்காரர் இதற்காக வழக்குத் தொடுக்காதது அவர்களுடைய பெருந்தன்மை!

உரத்தின் இயல்பை ரசாயன நூல்கள் விளக்குவதற்கு முன்பே இவ்வூரார் இதை அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் பொறுக்கவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள். கலெக்டராயிருந்தவர் லயோனல் பிளேஸ் என்பவர். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் கல்லில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் அதே பிளேஸ் துரைதான். இனி அந்த ஏரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்று 1798-ஆம் ஆண்டில் ஊராருக்கு ஒரு கவுல் கிடைத்தது.

மாணவ நண்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். துப்பாக்கி பிடித்தவன் கம்பெனியின் ஆள். முறையிட்டவன் ஏர் பிடித்த குடியானவன். கலெக்டர் ஏன் குடியானவன் பக்கம் சாய்ந்தார்? பறவைகளிடம் அவருக்கு இருந்த அன்பினால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காலத்து நிலையை நினைத்துப் பாருங்கள். 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி பெற்ற ஜாகீர், பிற்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் அந்நாடு பாழாயிற்று, ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. ஏரிகளைச் செப்பனிட்டு, குடிகளை மீண்டும் ஏர் பூட்டச் செய்து, வரி வருவாயைப் பெருக்குவதே பிளேஸ் போன்றோரின் கடமை. அவரிடம் போய், ‘பறவை போனால் நீரின் வளம் போகும், வளம் போனால் விளைச்சல் போகும்’ என்று ஊரார் சொல்லியிருந்தால், அடுத்து என்ன போகும் என்பதை அவர் தாமே கணக்கிட்டிருப்பார். இது என் ஊகமே. ஆனால் கவுல் என்ற சொல் இதற்குத் துணை நிற்கிறது. அரபியில் அதற்கு வாக்கு என்று பொருள். கம்பெனிக் கச்சேரிகளில் குடியானவனுக்கு நிலத்தின்மேல் கொடுக்கும் உறுதிச்சீட்டு அப்பெயரால் வழங்கிற்று. நிலத்துக்குக் கொடுக்கும் சீட்டைப் பறவைக்கு வாங்கிக்கொண்டார்கள் நம் ஊரார்!

அவர்கள் விழிப்பு அத்தோடு நிற்கவில்லை. 1858-இல் அக்கவுல் புதுப்பிக்கப்பட்டது. கம்பெனி ஆட்சி நீங்கி விக்டோரியா மகாராணியின் ஆட்சி வந்த ஆண்டும் அதுவே. பழைய எஜமான் கொடுத்த வாக்கைப் புதிய எஜமான் மதிப்பானோ என்ற ஐயம் நம் நாட்டுக் குடியானவனுக்கு என்றும் உண்டு. ஆதலின் இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்ததை வெறும் தற்செயல் என்று நான் ஒதுக்க மாட்டேன். இந்தியா முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. முதற் கவுலுக்கும் அதற்கும் இடையே 174 ஆண்டுகள்! 2022-இல் வேடந்தாங்கல், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இவ்வளவும் ஏரியைப் பற்றிய பேச்சு. வயலின் கதை என்ன? ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று 1998-இல் எல்லை வகுக்கப்பட்டது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்றொரு யோசனை கிளம்பிக் கடும் எதிர்ப்பைக் கண்டது. ஏரியில் பறவைக்குக் கூடு உண்டு. அத்தனை வாய்க்கும் போதிய இரை இல்லை. குஞ்சு வாயைத் திறந்தால் தாய் பறந்து செல்லும் இடம், நான் கண்டது போன்ற நீர் நின்ற கழனி. நான் நின்ற வயலோ அந்த 5 கிலோமீட்டருக்கும் அப்பால். அதைத் தூர்த்து வீட்டுமனை போட்டால் எந்தக் கவுலைக் காட்டித் தடுப்பது?

அன்று பெரியவர் வடித்த நீர் அடுத்த வயலில் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. வெயில் தாழ்ந்ததும், ஒரு நத்தைகுத்தி சிறகை விரித்தது; அடுத்து நாலைந்து; பிறகு கூட்டம் முழுவதும் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, வேடந்தாங்கல் திசையில் பறந்தது. பெரியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “மணி அஞ்சரை ஆகியிருக்கும்” என்றார்.