வெளித் திடலின் வெளுப்புத்துறை

மட்டாஞ்சேரியைக் காணச் செல்லும் நேயர்கள் யூதர் தெருவையும் அரண்மனையையும் கண்டு திரும்பிவிடுவர். சிறிது தொலைவில், கோட்டைக் கொச்சியில், வெளி என்றொரு திடல் உண்டு. பொருளும் நம் மொழியில் உள்ளதே. அங்குள்ள தோபிக்கானாவில் துணி வெளுப்போர் தமிழர். கொச்சியை 1663 முதல் 1795 வரை தம் வசம் வைத்திருந்த ஒல்லாந்தர், படைவீரரின் உடைகளை வெளுக்க இவர்களுடைய முன்னோரை அழைத்து வந்தனர் என்பது வழிவழிச் செய்தி. நெடுங்காலம் குளக்கரையில் நடந்த தொழிலுக்கு 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டடம் அமைத்துத் தந்தது. சுமார் 40 துவைப்பறைகள். பொறுப்பு வண்ணார் சங்கத்தினுடையது.

எவ்வளவு நீரும் எரிபொருளும் செலவிட்டு எவ்வளவு பயன் பெறுகிறோம் என்பதைச் சூழல் திறன் என்கின்றனர். 1992இல் ரியோ டி ஜெனீரோ புவி மாநாட்டை ஒட்டி இக்கருத்து பரவிற்று. அத்தராசில் இத்துறையை வைத்துப் பார்ப்போம்.

உலர்த்துதலில் இவர்களை வெல்லும் இயந்திரம் இல்லை. ஈரத் துணியில் தங்கிய ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரு பங்கிற்கு நிகரான வெப்பம் வேண்டும். அதனை வெயிலும் கடற்காற்றும் விலையின்றித் தருகின்றன. இரு புரியாக முறுக்கிக் கட்டிய கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுவர். கவ்வி எதுவும் வேண்டுவதில்லை. எவ்வளவு எளிய கருவி! தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மட்டும் கயிறு வெறுமையாகும்.

துவைத்தலிலோ தராசு மறுபுறம் சாய்கிறது. கல்லில் அடித்துப் பன்முறை அலசுவதற்கு நீர் மிகுதியாக வேண்டும். முன்புறக் கதவுடைய சலவை இயந்திரம் பொதுவாகக் குறைந்த நீரிலேயே முடித்துவிடும். உப்புக் கிணறுகள் நிறைந்த, பண்டு பெரியாற்றிலிருந்து படகில் குடிநீர் வந்த ஊரில் இது சிறு குறை அன்று. கடைசி அலசலின் தெளிநீரை அடுத்த மூட்டைக்கு முதல் நீராக்கினால் குறை சுருங்கும்.

இனி உடலுழைப்பு. நாள் முழுதும் ஈரத்தில் நிற்கும் கால்களும், கனத்த கரி இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும் தோளும் அக்கணக்கில் எந்தத் தட்டிலும் ஏறுவதில்லை. இளையோர் பலர் வேறு தொழில் நாடியதற்கு அவர்களைக் குறைகூற இயலுமா? பிழிவதற்குச் சுழல் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு, உலர்த்துதலைக் கயிற்றுக்கே விடலாம் என்பது என் கருத்து. பிழிதலுக்கு ஆகும் மின்சாரம் சொற்பம். கைகளுக்கு மிஞ்சும் வலிமையோ மிகுதி.