தூளாகிப் பலகையான கல்

சமையல் மேடைக்கு இப்போது எல்லாக் கடைகளிலும் முன்னால் நிறுத்திக் காட்டுகிற குவார்ட்ஸ் பலகைக்குப் பூர்வீகம் வடக்கு இத்தாலி. திரெவிசோ மாகாணத்தில் காஸ்தெல்லோ தி கொதேகோ என்று ஓர் ஊர். அங்கே 1963இல் மார்செல்லோ தொன்செல்லி தொடங்கிய பிரெட்டன் நிறுவனம், கல்லை அரைத்து மறுபடி பலகையாக்கும் வழியைத் தேடியது. எழுபதுகளில் வழி கிடைத்தது. குவார்ட்ஸைக் குறுணையாகவும் மாவாகவும் அரைக்க வேண்டும். பாலியெஸ்டர் பிசினும் நிறமியும் சேர்த்துப் பிசைய வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்தபடி, அதிர வைத்து அழுத்திச் சூட்டில் இறுக விட வேண்டும். எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் கல், மீதி பிசினும் நிறமும்.

1987இல் இஸ்ரேலின் ஸ்தோத் யாம் என்ற கடலோரக் கூட்டுப்பண்ணையில் சீசர்ஸ்டோன் தொடங்கியது. 1990இல் ஸ்பெயினின் கொசென்டினோ, சைல்ஸ்டோனைக் கொண்டுவந்தது. அமெரிக்க, ஆஸ்திரேலியச் சமையலறைகளை வெள்ளையாக்கிவிட்டுக் குவார்ட்ஸ் பலகை நம் பக்கமும் வந்தது. விசாகப்பட்டினம் அருகே அச்சுதாபுரத்தில் பிரெட்டன் இயந்திரங்களே ஓடுகின்றன.

நம்மூரில் அதற்கு முன்பிருந்தே மேடைக்கு வேறு கற்கள் இருந்தன. கடப்பா கல் மலிவு. ஆனால் சுண்ணாம்புக்கல் என்பதால் எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மங்கிப்போகும். அடுத்து வந்தது கறுப்பு கிரானைட். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு வெளிநாட்டுக்கும் போகிற சரக்கு. பூமிக்கடியில் பாறை வெடிப்புக்குள் ஏறிய கற்குழம்பு ஆறி இறுகிய டோலரைட் அது. புளி, எண்ணெய், சூடு எதற்கும் அசராது. எடைதான் அதிகம்: 20 மில்லிமீட்டர் கனத்தில் சதுர அடிக்கு ஐந்தரைக் கிலோ.

குவார்ட்ஸுக்கு நுண்துளை கிடையாது, கறை உள்ளே இறங்காது. பலகைக்குப் பலகை நிறமும் மாறாது. இதெல்லாம் விற்பனையாளர் சொல்வார். 150 டிகிரிக்கு மேல் பிசின் கருகத் தொடங்கும் என்பதைக் கேட்டால்தான் சொல்வார். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை யோசிக்காமல் மேடையில் வைக்கிற வீட்டுக்குக் கறுப்பு கிரானைட்தான் என் தேர்வு.

ஆனால் இந்த ஒப்பீட்டில் விட்டுப்போவது அறுப்பவரின் நுரையீரல். சிங்க்குக்கு ஓட்டை போட, வீட்டு வாசலிலேயே கல்லைச் சாய்த்து, கையில் பிடிக்கிற கட்டிங் மிஷினைத் தண்ணீர் விடாமல் ஓட்டுகிறார் ஒருவர். மூக்கில் ஒரு துண்டு. வெள்ளைத் தூசி புருவம், இமை, காது மடல் வரை படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசியைவிட, தெரியாத நுண்ணிய சிலிக்காதான் ஆபத்து. துணி அதைத் தடுக்காது. அது நுரையீரலில் தங்கி, திசுவைத் தழும்பாக்கி, சிலிக்கோசிஸ் ஆகிறது. குணப்படுத்த மருந்து இல்லை. சாதாரண கிரானைட்டில் தனிச் சிலிக்கா முப்பது சதவீதத்தைச் சுற்றித்தான். கறுப்புக் கல்லில் இன்னும் மிகக் குறைவு. குவார்ட்ஸ் பலகையோ பெரும்பாலும் அதுவேதான்.

இஸ்ரேலின் ராபின் மருத்துவ மையத்தில் நுரையீரல் மாற்று சிகிச்சைக்காக வந்தவர்களிடையே இந்தக் கல்லை அறுத்த 25 பேருக்குச் சிலிக்கோசிஸ் இருந்ததை மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் இளைஞர்களே நோயில் விழ, 2024 ஜூலை 1 முதல் அங்கே இந்தப் பலகையைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை. சிலிக்கா குறைத்த பலகைகளை நிறுவனங்கள் இப்போது கொண்டுவருகின்றன. செய்த வரை நல்லதுதான், தாமதம் என்றாலும்.

வாங்கிய பலகை சமையலறையில் யாரையும் ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம். எந்தக் கல்லை எடுத்தாலும் சிங்க், அடுப்பு அளவுகளை முன்பே கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வரச் சொல்லுங்கள். வாசலில் உலர்வாக அறுக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதற்குக் கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.