கதை சொன்ன சரித்திரமும் சரித்திரம் சொன்ன கதைகளும்

கதை எழுதுகிறவன் பொய் சொல்கிறவன், சரித்திரம் எழுதுகிறவன் மெய் சொல்கிறவன் என்று உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிப் போன வசை. ஆனால் இந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டிப் போடும் வழக்கு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பேஸ்பால் என்ற பந்தாட்டத்தின் சரித்திரத்தை விசாரிக்க உட்கார்ந்த பெரிய மனிதர்கள் கதை கட்டினார்கள். அதே ஆட்டத்தை வைத்துக் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்களில் சிலர் சரித்திரத்தைச் சொன்னார்கள்.

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம். ஒருவன் பந்தை வீசுகிறான். இன்னொருவன் உருண்டையான மட்டையால் அதை அடிக்கிறான். அடித்தவன் சதுரமாக அமைந்த நான்கு நிலைகளையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்து சேர்ந்தால் அவன் கோஷ்டிக்கு ஓர் ஓட்டம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு போதும். கிட்டிப்புள்ளைக் கண்டுபிடித்தவர் யார் என்று நம் ஊரில் யாரும் கேட்டதில்லை. அமெரிக்கர்கள் கேட்டார்கள். காரணம், பேஸ்பால் அவர்களுக்குத் தேசிய ஆட்டம். தேசியம் என்று ஆகிவிட்டால் அதற்கு ஒரு தகப்பனார் வேண்டும். அந்தத் தகப்பனாரும் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் அல்லவா?

ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் பேஸ்பாலைப் பற்றி எழுதியே பெயர் பெற்றவர். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆங்கிலேயச் சிறுவர்கள் ஆடும் ரவுண்டர்ஸ் என்ற ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் பேஸ்பால் என்று அவர் சொல்லிவந்தார். ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு இது பொறுக்கவில்லை. அவர் பழைய ஆட்டக்காரர். பிறகு பந்தும் மட்டையும் விற்றுப் பெரும் வியாபாரி ஆனவர். அவருடைய முயற்சியால் 1905-ல் ஒரு விசாரணைக் குழு ஏற்பட்டது. ஏப்ரஹாம் மில்ஸ் என்பவர் தலைவர். கொலராடோவிலிருந்த சுரங்க எஞ்சினீயர் ஆப்னர் கிரேவ்ஸ் என்பவர் ஒரு கடிதம் எழுதினார். நியூயார்க் மாகாணத்துக் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஆப்னர் டபுள்டே என்ற இளைஞர்தாம் இந்த ஆட்டத்தை அமைத்தார் என்றும், தாம் அங்கே சிறுவனாக இருந்ததாகவும் அவர் தெரிவித்திருந்தார். 1907-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி குழு தீர்ப்பு எழுதியது: ஆட்டம் பிறந்த வருஷம் 1839, இடம் கூப்பர்ஸ்டவுன், ஆளும் டபுள்டே.

டபுள்டே சாமானியர் அல்ல. உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் நின்ற தளபதி. தேசிய ஆட்டத்துக்குத் தகப்பனாராக இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா? ஒரே ஒரு குறைதான். 1839-ல் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். சாட்சி சொன்ன கிரேவ்ஸுக்கு அப்போது வயது ஐந்து. 1893-ல் இறந்துபோன டபுள்டே ஏராளமாக எழுதி வைத்திருந்தார். அதில் ஓரிடத்திலும் இந்த ஆட்டத்தைத் தாம் உண்டாக்கியதாகச் சொல்லவில்லை. இவை எல்லாவற்றையும் விட ருசிகரமான விஷயம் ஒன்று உண்டு. குழுத் தலைவர் மில்ஸே டபுள்டேயின் பல வருஷ நண்பர்!

நம் ஊரில் கோவிலுக்குக் கோவில் தல புராணம் இருக்கிறது. அதைக் கேட்டு மகிழ்கிறவர்கள் அதைப் பத்திரப் பதிவு ஆபீஸ் தஸ்தாவேஜாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்கர்களோ தஸ்தாவேஜு என்ற பெயரிலேயே தல புராணம் எழுதிவிட்டார்கள். 1939-ல் நூற்றாண்டு விழா நடந்தது. கூப்பர்ஸ்டவுனில் ஆட்டக்கார மேதைகளுக்கு மண்டபமும் காட்சிசாலையும் திறந்தார்கள். சர்க்கார் மூன்று சென்ட் தபால் தலை வெளியிட்டது. அந்தத் தலையில் டபுள்டேயின் முகம் இல்லை. வெறும் மைதானத்தில் பையன்கள் பந்தாடும் படம்தான் இருந்தது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, உண்மை அந்தப் படத்தில்தான் இருந்தது.

பையன்கள்தாம் இந்த ஆட்டத்தின் உண்மையான தகப்பனார்கள். இதற்குச் சாட்சி குழந்தைப் புத்தகங்கள். 1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி என்ற புத்தக வியாபாரி குழந்தைகளுக்காக ஒரு சிறு புத்தகம் போட்டார். விலை ஆறு பென்ஸ். கூட இரண்டு பென்ஸ் கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்து, பெண்ணுக்கு ஓர் ஊசி மெத்தை. அந்தப் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விளையாட்டு, ஒரு சிறு படம், ஒரு பாட்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் பேஸ்பால்! அந்தப் பெயர் அச்சில் வந்ததற்கு நாம் அறிந்த முதல் சான்று இதுதான். டபுள்டே பிறப்பதற்கு எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே ஆட்டத்துக்குப் பெயர் இருந்திருக்கிறது. ஜேன் ஆஸ்டின்கூட 1817 கடைசியில் வெளிவந்த தம் நாவல் ஒன்றில், கதாநாயகி சிறுமியாக இருந்தபோது இதை ஆடியதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

நியூயார்க் பொதுநூலகத்தில் வேலை பார்த்த ராபர்ட் ஹெண்டர்சன் என்பவர் இந்தப் பழைய புத்தகங்களைத் தோண்டி எடுத்தார். 1834-ல் பாஸ்டனில் வெளிவந்த ஒரு சிறுவர் விளையாட்டுப் புத்தகத்தில் இந்த ஆட்டத்தின் விதிகள் அச்சாகியிருந்தன. அவை லண்டனில் வந்த வேறொரு சிறுவர் புத்தகத்தின் ரவுண்டர்ஸ் விதிகளிலிருந்து எடுத்தவை என்று அவர் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டினார். 1947-ல் அவருடைய நூல் வெளிவந்தது. கிழவர் சாட்விக் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று ஆயிற்று. பெரியவர்களின் குழு எழுதியது கதை. குழந்தைகளின் அலமாரியில் இருந்தது சரித்திரம்.

குழந்தைக் கதைகள் எல்லாமே சத்தியசந்தமானவை என்று சொல்ல வரவில்லை. 1896-ல் கில்பர்ட் பாட்டன் என்பவர் புனைபெயரில் எழுதத் தொடங்கிய ஃபிராங்க் மெரிவெல் கதைகள் ஐந்து சென்ட் வாரப் பதிப்புகளாக வந்து குவிந்தன. 1912 முதல் 1928 வரை 'பேஸ்பால் ஜோ' என்ற வரிசை வந்தது. கதாநாயகன் நல்லவன், வல்லவன். கடைசி நிமிஷத்தில் ஜெயித்துவிடுவான். படிக்கிற பையனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த மைதானத்தில் ஒரு கறுப்புப் பையனுக்கு இடம் உண்டா என்று அந்தக் கதைகள் கேட்கவில்லை.

நிஜ மைதானத்திலும் இடம் இல்லை. 1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலீடோ கோஷ்டியில் பெரிய லீக் ஆட்டம் ஆடினார். அந்த வருஷத்தோடு கதவு மூடிக்கொண்டது. எழுதி ஒட்டிய சட்டம் ஒன்றும் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. கறுப்பர்கள் 1920-ல் தங்களுக்கென்று தனி லீக் அமைத்து ஆடினார்கள். 1947 ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டிக்காக இறங்கியபோதுதான் கதவு திறந்தது.

அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1943-ல், ஜான் டூனிஸ் 'கீஸ்டோன் கிட்ஸ்' என்ற நாவலைச் சிறுவர்களுக்கு எழுதினார். அதுவும் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் கதைதான். யூதப் பையன் ஒருவன் கோஷ்டியில் சேருகிறான். எதிராளிகள் ஏசுவது ஒருபுறம் இருக்க, தன் கோஷ்டிக்காரர்களே அவனை ஏசுகிறார்கள். இளம் தலைவன் ஸ்பைக் ரஸ்ஸலுக்கு அந்தப் பிளவைச் சரிசெய்வதுதான் பெரிய ஆட்டமாகிவிடுகிறது. வெளியே ஹிட்லரோடு யுத்தம் நடக்கும்போது, உள்ளே நம் வீட்டிலும் அதே விஷம் இருக்கிறது என்று பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குச் சொல்லத் துணிவு வேண்டும்.

சீனாவில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்த பெட்டி பாவோ லார்ட் 1984-ல் எழுதிய கதையில், 1947-ல் ஒரு சீனச் சிறுமி புரூக்ளினில் வந்து இறங்குகிறாள். பாஷை தெரியாது, தோழிகள் இல்லை. ரேடியோவில் கேட்கும் ராபின்ஸனின் ஆட்டம் அவளுக்குத் துணையாகிறது. இவரைச் சேர்த்துக்கொண்ட ஊர் என்னையும் சேர்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அவளுக்கு.

கென் மோச்சிசுகி 1993-ல் எழுதிய 'பேஸ்பால் ஸேவ்ட் அஸ்' இன்னும் கசப்பான விஷயத்தைத் தொட்டது. 1942-ல் அமெரிக்க சர்க்கார் ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை வீடுவாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். கதையில் ஒரு தகப்பனார் பாலைவன முகாமில் மண்ணைச் சமன்படுத்தி மைதானம் அமைக்கிறார். காவல் கோபுரத்தின் நிழலில் பையன்கள் ஆடுகிறார்கள். இது வெறும் கற்பனை அல்ல. அரிஸோனாவில் கிலா ரிவர் முகாமில் கெனிச்சி ஸெனிமுரா இப்படித்தான் ஒரு மைதானத்தை உண்டாக்கினார்.

இதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா, பிஞ்சு மனசு நோகாதா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த முகாமில் முள்வேலிக்குள் இருந்தவர்களில் எத்தனையோ பேர் குழந்தைகள் அல்லவா? அனுபவிக்கும் வயது வந்துவிட்டவர்களுக்குக் கேட்கும் வயது வரவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? பிஞ்சு மனசைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நாம் மறைப்பவற்றில் பாதி, நம் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

டான் கட்மன் என்ற எழுத்தாளர் 1997 முதல் ஒரு வரிசைக் கதை எழுதினார். அதில் வரும் பையனுக்கு ஒரு விசித்திர சக்தி. பழைய ஆட்டக்காரரின் படச் சீட்டைத் தொட்டால் அந்தக் காலத்துக்கே போய்விடுவான். ராபின்ஸனைப் பார்க்க 1947-க்குப் போகிறவன் தானே கறுப்புப் பையனாக மாறிப் போய் நிற்கிறான். 2005-ல் வந்த கதையில் அவன் உள்நாட்டுப் போரின் நடுவே கெட்டிஸ்பர்க்குக்குப் போகிறான். எதற்கு? டபுள்டேயைக் கண்டு, இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் நீங்கள்தானா என்று கேட்பதற்கு.

நண்பர் மில்ஸ் பல வருஷங்கள் அவரோடு பழகியவர். சாவதானமாக ஒருநாள் கேட்டிருக்கலாம்.