நிகாஹ் பற்றி எழுத வருவோர் கவனத்திற்கு

ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் நிகாஹ் காலம்தான். கூடவே திருமண மலர்களும், மாத இதழ்களின் இல்லறப் பக்கங்களும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் கொடுக்கப்படும் பிரசுரங்களும் வந்து குவியும். இவற்றில் எழுதுகிறவர்கள் இன்று ஆலிம்கள் மட்டும் அல்லர். ஆசிரியைகள், கல்லூரி மாணவிகள், வளைகுடாவில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எனப் பலரும் எழுதுகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம் இது. மிம்பரில் நாம் சொல்லத் தயங்கும் சில விஷயங்களை அவர்கள் தெளிவாகவே எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் நிகாஹ் பற்றிய எழுத்து, படித்துவிட்டு மடித்து வைக்கும் எழுத்து அல்ல. "இப்படிப் போட்டிருக்கிறதே ஹஜ்ரத்" என்று அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜமாஅத் அலுவலகத்திற்கே வந்துவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் மஹர் எவ்வளவு, அவளுக்கு வலீ யார், அவள் சம்மதத்தை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் யாரோ எழுதிய ஒரு வரியை வைத்து முடிவாகிறது. ஆகவே எழுத உட்காருமுன் சில செய்திகளை மனதில் கொள்வது அவசியம்.

முதலில் ஆதாரம். உமர் (ரலி) அவர்கள் மஹருக்கு உச்சவரம்பு வைக்க முயன்றதாகவும், ஒரு பெண்மணி எழுந்து குர்ஆன் வசனத்தைக் காட்டி மறுத்ததாகவும், கலீஃபா தம் சொல்லைத் திரும்பப் பெற்றதாகவும் எழுதாத திருமண மலர் இல்லை. மஹரை அளவு கடந்து உயர்த்தாதீர்கள் என்று உமர் (ரலி) உபதேசித்தது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. திர்மிதீ இமாம் அதை ஹசன் ஸஹீஹ் என்கிறார்கள். அந்தப் பெண்மணி மறுத்த பகுதி பைஹகீயில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் அறுந்தது என்று பைஹகீ இமாமே குறிப்பிட்டுள்ளார்கள். பெண்ணின் உரிமையை நிலைநாட்ட இந்தச் சம்பவத்தை நம்பி நிற்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர்களுடைய தந்தை விருப்பமின்றி மணமுடித்து வைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தையே ரத்து செய்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. சம்மதம் பற்றி எழுத இதைவிட உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? வாட்ஸ்அப்பில் வந்த ஹதீஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்த நூலில் உள்ளது, தரம் என்ன என்று ஓர் ஆலிமிடம் கேட்காமல் எழுதாதீர்கள்.

அடுத்தது மஹர். அதிகம் எழுதப்படுவதும், அதிகக் குழப்பத்தோடு எழுதப்படுவதும் இதுதான். "மஹர் ஃபாத்திமீ" என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு ரூபாய்த் தொகையைப் போடுகிறார்கள். வெள்ளி விலை மாறியதும் அந்தத் தொகை பொய்யாகிவிடும். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் பொதுவாகப் பன்னிரண்டரை ஊகியா, அதாவது 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு அலீ (ரலி) தம் கவசத்தைக் கொடுத்தார்கள். நம் நாட்டு உலமாக்கள் மஹர் ஃபாத்திமீயை 500 திர்ஹமாகக் கொண்டு 1530.9 கிராம் வெள்ளி என்று கணக்கிடுகிறார்கள். ஒரு திர்ஹம் 2.975 கிராம் என்று கொள்வோரின் கணக்கில் அது 1487.5 கிராம் ஆகும். கிராமில் எழுதுங்கள், எந்தக் கணக்கு என்றும் சொல்லுங்கள். அன்றைய விலையை வாசகரே பார்த்துக்கொள்வார். இது கட்டாய அளவு அல்ல என்பதையும் மறக்காமல் சேருங்கள். ஹனஃபீ மத்ஹபில் குறைந்தபட்சம் 10 திர்ஹம், ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தபட்சம் என்று ஓர் அளவே இல்லை, மதிப்புள்ள எதுவும் மஹராகலாம். மேல் வரம்பு இரண்டிலும் இல்லை.

பழைய தஃப்தர்களைப் புரட்டினால் 101 ரூபாய், 501 ரூபாய் என்று மஹர் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அன்று அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. கொடுக்காமலே நாற்பது ஆண்டுகள் ஓடிய பிறகு அதே 501 ரூபாயை எடுத்து நீட்டினால் அந்தப் பெண்ணின் கைக்கு என்ன வந்து சேரும்? மஹரைத் தங்கமாகவோ வெள்ளியாகவோ கிராமில் எழுதி, முடிந்தவரை நிகாஹ் சபையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று எழுதுவது இன்று ஒரு பெரிய சேவை.

இன்னொரு சிக்கல் எழுத்திலேயே இருக்கிறது. உடனே கொடுக்கும் மஹருக்கும், தவணையாக விடும் மஹருக்கும் அரபியில் உள்ள சொற்கள் இரண்டும் தமிழ் எழுத்தில் "முஅஜ்ஜல்" என்றே வந்துவிடும். ஒன்று ஐன், மற்றது ஹம்ஸா. அரபு எழுத்தில் வேறுபாடு தெரியும், தமிழில் தெரியாது. கட்டுரையிலும் சரி, தஃப்தரிலும் சரி, "உடன் மஹர்", "தவணை மஹர்" என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். கணவர் இறந்த பின் வாரிசுகளுக்குள் பேச்சு வரும்போது இந்த ஒரு சொல்லில்தான் வழக்கே நிற்கும்.

கொடுக்கப்படாத மஹர் கணவர் மீதுள்ள கடன். சொத்தைப் பங்கு வைக்கும் முன் அடைக்க வேண்டிய கடன்களில் அதுவும் ஒன்று. மய்யித்தைத் தூக்கும் நேரத்தில் விதவையை அருகில் நிறுத்தி "மஹரை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லச் சொல்கிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால்தான் அதைக் கணவன் அனுபவிக்கலாம் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தின் கருத்து. அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் ஊர் கூடி நின்று வாங்கும் சொல்லில் மனவிருப்பம் எங்கே இருக்கிறது? கண்ணீரைப் பிழியும் கதைகளை எழுதுகிறவர்கள் இதை எழுதலாமே.

மத்ஹபைக் குறிப்பிடாமல் சட்டம் எழுதுவது தமிழ் முஸ்லிம்களிடையே நிச்சயம் தகராறாகும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம். ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபீகள். வலீ இல்லாமல் நிகாஹ் செல்லாது என்பது ஷாஃபிஈ சட்டம். பருவமடைந்த, அறிவுத் தெளிவுள்ள பெண் தன் நிகாஹை, உரிய நிபந்தனைகளோடு, தானே செய்துகொள்ளலாம் என்பது ஹனஃபீ சட்டம். இரண்டில் ஒன்றை மட்டும் "இஸ்லாம் சொல்கிறது" என்று எழுதினால் பாதி வாசகர்களின் வீட்டில் வீண் சந்தேகம் கிளம்பும். கருகமணி கட்டுவது, மாலை போடுவது போன்றவை ஊர் வழக்கங்களே தவிர நிகாஹின் நிபந்தனைகள் அல்ல.

கைக்கூலி என்ற சொல்லிலும் கவனம் தேவை. நம் பக்கத்தில் அது மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கும் வரதட்சணை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில், மணமகளின் நன்மைக்கென்று மணமகனிடம் ஒப்படைக்கப்படும் பணமோ பொருளோ கைக்கூலி. அதை மனைவி காழி மூலம் திரும்பக் கேட்கலாம். இரு நாட்டிலும் வாசகர்கள் இருக்கும் இதழில் எழுதினால், எந்த நாட்டுக் கைக்கூலி என்று சொல்லிவிட வேண்டும்.

இந்தியச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். ஷரீஅத் சட்டம் பொருந்துவோருக்கு மஹர் வரதட்சணையில் சேராது என்று அதன் 2ஆம் பிரிவே விலக்கி வைத்துள்ளது. கொடுப்பது, வாங்குவது இரண்டுமே குற்றம். 3ஆம் பிரிவின்படி பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. திருமணத்திற்கு ஈடாகச் சொத்தோ பணமோ தருவதாக விளம்பரம் செய்வதை 4ஏ பிரிவு தடை செய்கிறது. அச்சிடுபவரும் வெளியிடுபவரும்கூட அதில் சிக்குவார்கள். மணமக்கள் தேவைப் பகுதிக்கு எழுதித் தருவோர் "மாப்பிள்ளைக்கு வீடு உண்டு" என்கிற ரீதியில் எழுதுவதற்கு முன் இதைப் படித்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சமயத்தவரின் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஜமாஅத் தஃப்தரில் எழுதிவிட்டோமே என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட், விசா என்று அலையும்போதுதான் தேடி வருகிறார்கள். மணமக்களுக்கு அறிவுரை எழுதும் கட்டுரையில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கலாம்.

கடைசியாக, வீட்டுக் கதைகள். குடும்பப் பிரச்சினையை உதாரணமாக எழுதும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "துபாயில் இருந்து வந்த மாப்பிள்ளை, மூன்று தங்கைகள், தெருமுனையில் ஜவுளிக்கடை" என்று எழுதினால் ஊரில் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும். ஊரையும் தொழிலையும் உறவுமுறையையும் சேர்த்தே மாற்றுங்கள். தலாக், குல்உ சம்பந்தப்பட்டதாக இருந்தால் அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்காமல் எழுதவே வேண்டாம். அவளுக்கு மறுமணம் பேசி வருகிறவர்கள் கையிலும் அந்த மலர் இருக்கும்.