காகிதத்தில் நிலைபெற்ற நகரம்

வரலாறு எழுதப் புகுவோர் மன்னர் மரபையும் போர்களையும் கோட்டை கொத்தளங்களையுமே பெரும்பாலும் விரித்துரைப்பர். குடிமக்கள் வாழ்ந்த தெருக்களும் வீடுகளும் எவ்வாறிருந்தன என்பதைக் குறித்து வைப்பார் மிகச் சிலரே. ஒரு நகரத்தின் மட்டில் இக்குறையைத் தனியொருவராய் நின்று நீக்கிய ஏழை ஊழியர் ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இந்நாளில் செக் குடியரசின் தலைநகராக விளங்கும் பிராக், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1791-ஆம் ஆண்டிற் பிறந்த அந்தோனின் லாங்வைல் என்பார் அந்நகரிற் கல்லச்சுத் தொழில் நடத்தினார். அது கைகொடாது போகவே, பல்கலைக்கழகப் புத்தகசாலையில் ஊழியராய் அமர்ந்தார். 1826-ஆம் ஆண்டில் அங்குக் காட்சிக்கு வந்த பாரிஸ் நகரத்தின் மாதிரியுருவைக் கண்டதும், தாம் வாழும் நகரத்தையும் அவ்வாறே சமைத்தல் வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது.

அவர் கைக்கொண்ட பொருள்கள் பெரும்பாலும் அட்டையும் காகிதமுமே. 480 அடி நீளமுள்ள வீதி ஓரடியாய் அமையும்படி அளவு வகுத்துக்கொண்டார். வீதிதோறும் சென்று, வீடுகளின் முகப்பு, சன்னல், கதவு, கூரை ஆகியவற்றை நேரிற் கண்டு வரைந்தார். இலக்கமிடும் வழக்கம் வருமுன் வீடுகளை அறிதற்கு அமைந்த அடையாளச் சித்திரங்களையும் அவர் விடவில்லை. அரண்மனைக்குக் காட்டிய கருத்தையே எளியோர் இல்லத்துக்கும் காட்டினார். பதினோராண்டு உழைப்பில் 2,000-க்கு மேற்பட்ட கட்டிடங்கள், ஏறக்குறைய 20 சதுர மீட்டர் பரப்பில் எழுந்தன.

இத்துணை உழைப்புக்கு நகரத்தார் அளித்த ஆதரவு மிகச் சிறிது. 1837-ஆம் ஆண்டில், நகரத்தின் ஒரு பெரும்பகுதி இன்னும் செய்யப்படாதிருக்க, லாங்வைல் வறுமையிலே காலமானார். அவர் மறைந்த பின்னரே சக்கரவர்த்தி பெர்டினாந்து அம்மாதிரியுருவை அவருடைய மனைவியிடமிருந்து விலைக்கு வாங்கிக் காட்சிச்சாலைக்கு நன்கொடையாக அளித்தார். இன்று அது பிராக் நகரக் காட்சிச்சாலையின் உடைமை.

அதன் அருமையைக் காலமே உணர்த்திற்று. 1893-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, யூதர்கள் பன்னூறாண்டு வாழ்ந்த பழம்பகுதி, சுகாதாரச் சீர்திருத்தத்தின் பெயரால், பெரும்பாலும் இடிக்கப்பட்டது. சில ஜெப ஆலயங்களும் பழைய இடுகாடும் பிறவுமாகச் சிலவே எஞ்சின. இடிந்த வீடுகள் முன்னர் நின்ற நிலையை அறிய விரும்புவார்க்கு, அந்த ஊழியர் சமைத்த காகித வீடுகள் இன்றும் சான்று பகர்கின்றன. கல்லாற் கட்டியவை அழிந்தன. காகிதத்தாற் செய்தவை நின்றன.

அன்பர்களே, நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளும் ஆண்டுதோறும் இடிபட்டு வருகின்றன. அவற்றின் திண்ணையும் முற்றமும் தூண்களும் எவ்வளவினவாய் இருந்தன என்று நாளை நம் பேரர் வினவினால் யாது விடை கூறுவோம்? இடித்தல் வேண்டாமென்று யாம் கூறவில்லை. இடிக்குமுன் அளந்து வரைந்து வைத்தல் வேண்டும் என்றே கூறுகின்றோம். நம் இளைஞர் ஊருக்கு ஒரு வீட்டையேனும் அவ்வாறு செய்வாராக. செய்வாரை அவர் வாழும் நாளிலேயே ஆதரித்தல் சங்கத்தின் கடமையாகும். லாங்வைல் மறைந்தபின் வந்த பொருள் அவருடைய வேலையை நிறைவுசெய்ய உதவவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.